திசு இல்லாத ஓரம்

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் மாதம் பெரும்பாலும் இருட்டறையில்தான் கழிந்தது. மேசையில் ஹீலியம்-நியான் லேசர், 632.8 நானோமீட்டர் சிவப்பு. அதன் முன்னால் ஒரு போலரைசர் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி), பிறகு ஸ்லைடு, அப்புறம் இன்னொரு போலரைசர், கடைசியில் கேமரா. இரண்டாவது போலரைசரை முதலாவதற்குக் குறுக்காகத் திருப்பினால் திரை கறுத்துவிடும். நடுவே கருப்பை வாய்த் திசுவின் சீவலை வைத்தால், அந்தக் கறுப்பில் நூல் நூலாக ஏதோ மினுங்கும். அதுதான் கொலாஜன், திசுவைத் தாங்கிப் பிடிக்கும் புரத இழை.

பள்ளியில் தளவிளைவு என்று படித்தோமே, அதேதான். ஒளி ஒரே தளத்தில் அதிர்ந்தபடி வருகிறது. ஒழுங்காக அடுக்கிய கொலாஜன் இழைகள் அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சற்றுப் பின்தங்க வைக்கின்றன. அதனால் இரண்டாவது போலரைசரைத் தாண்டியும் கொஞ்சம் ஒளி வந்துவிடுகிறது. புற்றுக்கு முந்தைய நிலையிலேயே இழைகளின் ஒழுங்கு குலையத் தொடங்கலாம். அப்போது மினுங்கல் மங்கும். சாயமே ஏற்றாமல் இது தெரிகிறது என்பதுதான் என்னை அந்த வேலைக்குள் இழுத்தது.

பார்ப்பதோடு முடியாது. போலரைசர்களையும், ஒளியின் ஒரு பகுதியைக் கால் அலை பின்தங்க வைக்கும் கால் அலைத் தகடுகளையும் பல கோணங்களில் திருப்பிப் படமெடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் 16 எண்கள் கணக்கிட வேண்டும். ஒளியின் அதிர்வைத் திசு எப்படி மாற்றுகிறது என்று சொல்லும் அந்த எண்களின் அடுக்குதான் மியூல்லர் அணி. லேசர் என்பதால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாக இருக்கும். தேய்த்த கண்ணாடி வட்டைச் சுழலவிட்டு அதைச் சமாளித்தோம்.

ஒருநாள் ஒரு ஸ்லைடு, நோய் உறுதியான திசுவைப் பதித்த பிளாக்கிலிருந்து சீவியது, பளபளவென்று மின்னியது. மங்க வேண்டியது எப்படி இவ்வளவு மின்னுகிறது? புதிதாக ஏதோ கண்டுவிட்டோம் என்றே நம்பினேன். இரண்டு நாள் கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள், திசு சீவித் தரும் அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இங்க பாருங்க. திசுவே இல்லாத ஓரத்துலயும் மின்னுதே. இது மெழுகு."

உண்மைதான். திசுவைப் பதித்து வைக்கும் பாரஃபின் மெழுகும் படிகமாக உறையும்போது ஒளியை இரண்டாகப் பிரிக்கும். அவசரத்தில், மெழுகைக் கரைக்கும் சைலீனில் போதுமான நேரம் ஊறவிடாமல் எடுத்தது நான்தான். அதை அக்காவிடம் சொன்னேன். ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை, புது சைலீன் ஊற்றிக் கொடுத்தார்.

மறுபடி 60 டிகிரியில் சூடாக்கி, சைலீனில் ஊறவைத்து, அதே ஸ்லைடை வைத்தேன். பளபளப்பு போயிருந்தது. வெகுநேரம் கேமராவைத் திறந்து வைத்த பிறகே இழைகள் தெரிந்தன. துண்டு துண்டாக, திசைக்கொன்றாகக் கிடந்தன. பிளாக்கின் மேல் பெயர் இல்லை, எண் மட்டும்தான். ஆனாலும் அது ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து வந்தது என்ற நினைப்பு அன்றுதான் எனக்குள் உறைத்தது. அவருடைய திசுவைப் பற்றி இரண்டு நாள் தப்பான கணக்கு எழுதியிருக்கிறேன்.

அந்த நோட்டுப் பக்கங்களைக் கிழிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டுக் காரணத்தையும் எழுதி வைத்தேன். இப்போதெல்லாம் எந்த ஸ்லைடு ஆனாலும் முதலில் வெறும் கண்ணாடி ஓரத்தைத்தான் பார்க்கிறேன். அங்கே கறுப்பாக இருந்தால்தான் நடுவுக்கு நகர்கிறேன்.