கால் வெட்டிய தோலில் பெயர்ச்சீட்டை எங்கே கட்டுவது?

மார்கழிப் பனியில் நம் இலங்கைத் தேயிலை மலை ஓரம் வெள்ளை நாடா போன்ற வாலோடு ஒரு குருவி பறந்தால், "சொர்க்கப் பறவை வந்திருக்கு" என்று படம் அனுப்புகிறார்கள். அது அரசவால் ஈப்பிடிப்பான். சிங்களத்தில் சுது ரெதி ஹொரா, அதாவது வெள்ளைத் துணித் திருடன். உண்மையான சொர்க்கப் பறவைகள் 40 இனங்களுக்கு மேல் உண்டு. நியூகினியா, அதைச் சுற்றிய தீவுகள், மலுக்குத் தீவுகள், கிழக்கு அவுஸ்திரேலியா, அவ்வளவுதான் அவற்றின் நாடு. நம் மலைக்கு அவை வந்ததே இல்லை.

ஐரோப்பாவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவை பறவைகள் அல்ல, அவற்றின் தோல்கள். 1522இல் மகெல்லனின் கப்பல் ஸ்பெயினுக்குத் திரும்பியபோது சில தோல்கள் கூடவே வந்தன. வியாபாரத் தோல்களுக்குக் கால் இருக்காது. அதனால் அந்தப் பறவை தரையிறங்காமல் வானத்திலேயே வாழ்கிறது என்ற கதை பரவி, 1758இல் உயிரினங்களுக்கு இலத்தீன் பெயர் வைத்த லின்னேயஸ் பெரிய சொர்க்கப் பறவைக்கு 'அபோடா', காலற்றது, என்றே பெயர் வைத்தார்.

கால் எங்கே போனது? 1857இல் நியூகினியாவுக்கு அருகே ஆரு தீவுகளில் தங்கிய ஆங்கிலேய இயற்கையாளர் அல்பிரட் ரசல் வாலஸ் விளக்கமாக எழுதியிருக்கிறார். பறவைகள் கூடி ஆடும் மரத்தில் வேடர் இலைக்குடில் கட்டி ஒளிந்திருப்பார். அம்பின் நுனியில் தேநீர்க் கோப்பை அளவு மரக் குமிழ் இருக்கும். அது அடித்து வீழ்த்துமே தவிரக் குத்தாது, தோகையில் இரத்தம் படாது. பிறகு இறகுக்கையையும் காலையும் வெட்டி, அலகு வரை தோலை உரித்து, மண்டையோட்டை எடுத்துவிடுவார்கள். உள்ளே ஒரு குச்சியைச் செருகி, சுற்றிலும் இலை அடைத்து, பாளையில் சுற்றிப் புகையில் காயவைப்பார்கள். தலை சுருங்கும், உடல் குறுகும், தோகை மட்டும் பெரிதாகத் தெரியும். வாங்குபவருக்கு வேண்டியதும் அதுதான்.

ஆய்வுக்குத் தோல் எடுப்பவர் செய்வது கிட்டத்தட்ட நேர்மாறு. நெஞ்செலும்பின் முடிவிலிருந்து எச்சத்துளை வரை கீறி, கசிவை மரத்தூளில் ஒற்றி எடுப்பார். காலை முழங்காலில் உள்பக்கமாகத் துண்டித்து, கீழ்க்காலைத் தோலோடு விடுவார். தோலைத் தலை வரை புரட்டி, மூளையையும் கண்ணையும் எடுத்துவிட்டு மண்டையோட்டை அதன் இடத்திலேயே வைப்பார். ஆர்செனிக் என்ற பாசாணம் கலந்த சவர்க்காரம் பூசி, பஞ்சு அடைத்து, கால்களைக் குறுக்காக வைத்து நூலால் கட்டுவார். அந்த நூலில்தான் பெயர்ச்சீட்டு தொங்கும். காலில்லாத தோலில் சீட்டுக் கட்ட இடமே இல்லை. எந்தத் தீவு, எந்த மாதம், ஆணா பெண்ணா என்ற எல்லாமே காலோடு போய்விட்டன. எனக்கு அந்தக் கதையில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

நம் மலையின் ஈரத்தில் தோல் காய நாளாகும், அதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். கொழுப்பைச் சுரண்டாமல் விட்டால் எண்ணெய் கசிந்து நெஞ்சு இறகு மஞ்சளாகும். அவசரப்பட்டு அடுப்பு மேல் காயவைத்தால் தோல் வெடிக்கும். எங்காவது பழைய பங்களாவின் கண்ணாடிப் பெட்டியில் பாடம் செய்த பறவை இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். பாசாணம் நூறு வருடமானாலும் போகாது.

சீட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த ஈப்பிடிப்பானே போதும். நம் நாட்டிலேயே வாழும் வகையில் ஆண் கடைசிவரை செம்பழுப்புத்தான், வெள்ளையாவதில்லை. வெள்ளை ஆண்கள் இந்தியப் பக்கமிருந்து மாரி காலத்தில் வருபவை. ஆனால் வருபவற்றிலும் செம்பழுப்பு உண்டு. 'இலங்கை' என்று மட்டும் எழுதிய ஒரு செம்பழுப்புத் தோல் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது? வருபவை இன்னும் வந்து சேராத ஆவணியின் திகதி ஒன்று இருந்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

சீட்டில் இடம்பெறாத ஆட்களும் உண்டு. 1858இல் மலுக்குத் தீவுகளில் ஒன்றான பச்சானில் கிடைத்த கொடிச்சிறகுச் சொர்க்கப் பறவை இன்று வாலஸின் பெயரைத் தாங்குகிறது. அதைச் சுட்டுக் கொண்டுவந்தது அவரிடம் வேலை செய்த அலி என்ற, போர்னியோவின் சரவாக் இளைஞன். நம் மலை ஓடைகளில் ஒளிந்து திரியும் சீழ்க்கைப் பூங்குருவிக்கு 1872இல் 'பிளைகி' என்று பெயரிட்டார்கள், பிளை என்ற கோப்பித் துரையின் நினைவாக. ஆணோ பெண்ணோ, தோளில் ஒரு நீலத் திட்டு இருக்கும். மங்கலான ஓடை வெளிச்சத்தில் அது சட்டென்று தெரியாது.

இன்று அநேகமான பறவைகளை அனுமதியின்றிப் பிடிப்பதும் தோல் எடுப்பதும் சட்டவிரோதம். ஜன்னலில் மோதி ஒன்று செத்துக் கிடந்தால், தோலுக்கும் சீட்டுக்கும் பதிலாக, அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, வயிற்றுப்பக்கம் ஒன்று, கால் தெளிவாக ஒன்று. இறகுக்கையை மடித்தபடி, வளைவிலிருந்து நுனி வரை மில்லிமீற்றரில் அளந்து எழுதுங்கள். அழுத்தித் தட்டையாக்கினால் அளவு கூடும். அப்படி அளந்திருந்தால் அதையும் குறியுங்கள்.

இடத்தை எழுதும்போதுதான் அதிகம் பிழைக்கிறது. பல தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் சனம் சொல்லும் தமிழ்ப் பெயர் வேறொன்று. இரண்டையும் எழுதி, டிவிசன், மலை நம்பர், கிட்டத்து டவுன், உயரம், திகதி சேருங்கள். போன் காட்டும் புள்ளி பள்ளத்தாக்கில் அடுத்த தோட்டத்துக்குத் தாவிவிடும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.