ஓமியோபதி கட்டுரையில் ஓயாத சண்டை: தொகுப்பாளர் குறிப்புகள்

பிப்ரவரி 3, 2025

ஆங்கில விக்கிப்பீடியாவில் கெட்ட வார்த்தை எழுதிவிட்டு ஓடுகிறவரால் பெரிய தொல்லை இல்லை. தானியங்கி நிரலே பெரும்பாலும் நொடிகளில் மீளமைத்துவிடும், அதாவது பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஓமியோபதி மாதிரியான கட்டுரைகளைக் கெடுப்பது பணிவாகப் பேசிக்கொண்டே வருகிறவர்தான். முதல் வரியில் ‘போலி அறிவியல்’ என்பதை ‘மாற்று மருத்துவ முறை’ ஆக்குவார். மாற்றத்துக்கான காரணம் எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் ‘நடுநிலை’ என்று மட்டும் போடுவார். நாம் கண்காணிக்கும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் சில பைட்டுகள் வித்தியாசம்தான் தெரியும், கண் தாண்டிப் போய்விடும். பைட்டு எண்ணிக்கையை நம்பாமல் பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாகக் காட்டும் ‘வேறுபாடு’ இணைப்பைத் திறந்து பாருங்கள்.

அடுத்து கை வைக்கும் இடம் மருந்தை எவ்வளவு நீர்க்கச் செய்கிறார்கள் என்று சொல்லும் நீர்ப்புப் பகுதி. மருந்துப் புட்டியில் 30சி என்றால் நூறில் ஒன்றாக முப்பது முறை நீர்க்கச் செய்தது, அதாவது 1க்குப் பின் 60 சுழியத்தில் ஒரு பங்கு. வேதியியல் அளவான ஒரு மோலில் இருப்பதோ 6.022×10²³ துகள்கள்தான். 12சி தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. இந்தக் கணக்கை முழுதாக நீக்க மாட்டார்கள். ‘விமர்சகர்கள் கருத்துப்படி’ என்று முன்னால் ஒட்டிவிடுவார்கள். பெருக்கல் கணக்கு எவருடைய கருத்தும் அல்ல. அந்த ஒட்டை உடனே எடுத்துவிட வேண்டும்.

பிப்ரவரி 5

மூன்று மீளமைப்பு விதியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்றுக்கு மேல் மீளமைத்தால் தடை விழும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரியை மீளமைத்தாலும் கணக்கில் சேரும். ‘நான் சொல்வது அறிவியல்படி சரி’ என்பது விலக்கு ஆகாது. அப்பட்டமான விஷமம் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. 25ஆம் மணி நேரம் வரை காத்திருந்து மீளமைத்தாலும் தொகுப்புப் போர், அதாவது மாறிமாறி மீளமைக்கும் சண்டை, என்றே எடுத்துக்கொள்வார்கள். விவரம் தெரிந்த நல்ல தொகுப்பாளர்கள் தடை வாங்குவது இங்கேதான். ஒருமுறை மீளமைத்ததும் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

பிப்ரவரி 8

மேற்கோள் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. அடிக்கடி வருவது 1988 ஜூன் இறுதியில் நேச்சர் அறிவியல் இதழ் வெளியிட்ட, பிரெஞ்சு ஆய்வாளர் பென்வெனிஸ்ட் குழுவின் கட்டுரை. மூலக்கூறே மிஞ்சாத அளவு நீர்த்த கரைசலும் விளைவு தருகிறது என்றது அது. அதே இதழின் ஆசிரியர் மேடக்ஸ் உள்ளிட்ட மூவர் ஆய்வகத்துக்கே நேரில் போனார்கள். எந்தக் குப்பியில் எது என்று சோதிப்பவருக்கே தெரியாதபடி மறைகுறி போட்டுச் சோதித்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அந்த அறிக்கையும் ஜூலை இறுதியில் அங்கேயே வந்தது. முதலாவதை மட்டும் வைத்துவிட்டு இரண்டாவதை விடுவதுதான் உத்தி. மருத்துவக் கூற்றுக்குத் தனி ஆய்வு ஒன்று போதாது, பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் திறனாய்வுக் கட்டுரை வேண்டும். ஆஸ்திரேலிய தேசிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் 2015 மதிப்பீடு கைவசம் இருக்கட்டும்: ஓமியோபதி பலனளிக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என்பதே அதன் முடிவு.

பிப்ரவரி 12

உரையாடல் பக்கத்தில் அதே கேள்வி நான்காம் முறை வந்தால் புதிதாக வாதாட வேண்டாம். பழைய முடிவின் இணைப்பைக் கொடுத்தால் போதும். அதற்கும் அடங்காவிட்டால் மற்ற தொகுப்பாளர்களிடம் பொதுக் கருத்துக் கோரலாம். வழக்கமாக 30 நாள் ஓடும், வாதத்தில் கலந்துகொள்ளாத ஒருவர் முடித்து வைப்பார்.

நிர்வாகிகளிடம் (தடை விதிக்கும் அதிகாரம் உள்ள பயனர்கள்) கொண்டுபோகும் முறையீடு தோற்பதற்கு முக்கியக் காரணம் நீளம். ஆயிரம் சொல் எழுதினால் எந்த நிர்வாகியும் படிப்பதில்லை. ஐந்தாறு வேறுபாட்டு இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, தேதி வரிசையில். ‘இவர் ஓமியோபதி மருத்துவர்’ என்று ஆளைத் தோண்டாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது உங்களையே தடைக்குள் தள்ளும். எதிராளியின் பயனர் பேச்சுப் பக்கத்தில் அறிவிப்பு வைப்பதும் கட்டாயம். முறையிடுகிறவரின் நடத்தையையும் அங்கே புரட்டிப் பார்ப்பார்கள்.

போலி அறிவியல் பற்றி 2006இல் விக்கிப்பீடியாவின் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் குழு ஒரு வழக்கை விசாரித்தது. இந்தத் தலைப்புகளுக்கான சிறப்பு விதிகளின்படி இப்போது ஒரு நிர்வாகியே தலைப்புத் தடை (அந்தத் தலைப்பில் மட்டும் எழுத விடாத தடை) விதிக்கலாம். ஆனால் அந்த விதிகள் இருப்பதை அந்தப் பயனர் முன்பே அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பை முதல் வாரத்திலேயே வைத்துவிடுங்கள். முழுத் தடையைவிடத் தலைப்புத் தடையே மேல் என்பேன். பறவைகளைப் பற்றி நன்றாக எழுதுகிறவரை ஏன் இழக்க வேண்டும்?

பிப்ரவரி 14

தடைக்குப் பின் புதுக் கணக்கு அதே வரியைத் திருத்தினால் கைப்பாவை (ஒருவரே மறைவாக நடத்தும் வேறு கணக்கு) விசாரணைக்கு எழுதுங்கள். இரு கணக்கும் ஒருவருடையதா என்று பார்க்க உதவும் பயனர் சரிபார்ப்புத் தரவு 90 நாள்தான் இருக்கும். தள்ளிப்போட்டால் எழுத்து நடையும் தொகுத்த நேரமும் மட்டுமே சான்றாக மிஞ்சும்.