டக்ளஸ் கடிதங்களை டைப் பண்ணின அனுபவம்

பிப்ரவரி 14 நமக்கு காதலர் தினம், அமெரிக்காவுல அதே நாள் டக்ளஸ் டே. அடிமை ஒழிப்புக்காகப் போராடின கறுப்பினத் தலைவர் ஃப்ரெட்ரிக் டக்ளஸ் அடிமையா பொறந்தவர், பொறந்த தேதியே தெரியாது, அவரா வச்சுக்கிட்ட நாள் இது. வருஷா வருஷம் அன்னிக்கு ஆளுங்க கூடி கறுப்பின மக்களோட பழைய ஆவணங்கள ஆன்லைன்ல டைப் பண்ணுவாங்க, 2024-ல அமெரிக்காவோட பெரிய அரசு நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல இருக்கற அவரோட கடிதங்கள எடுத்தாங்கன்னு தெரிஞ்சதும் நானும் வீட்லேர்ந்தே உக்காந்துட்டேன்.

டைப் பண்ண அக்கவுண்ட்கூட வேணாம், அடுத்தவங்க டைப் பண்ணத ரிவியூ பண்றதுக்குத்தான் வேணும். ஒரு பக்கம் ஸ்கேன், இன்னொரு பக்கம் காலி பெட்டி, அவ்ளோதான். ரூல் என்னன்னா இருக்கறத இருக்கறபடியே அடிக்கணும், ஸ்பெல்லிங் தப்பா இருந்தாலும் கைவைக்கக் கூடாது, வரி எங்க முடியுதோ அங்கயே முடிக்கணும், படிக்கவே முடியலன்னா சதுர அடைப்புக்குள்ள ஒரு கேள்விக்குறி. கேக்க ஈஸி, ஆனா சில கையெழுத்து ஜிலேபி புழிஞ்ச மாதிரி இருக்கும், அதுவும் அந்தக் காலத்து ஆளுங்கள்ல சிலர் ரெண்டு எஸ் சேந்து வந்தா முதல் எஸ்ஸ எஃப் மாதிரி இழுத்துடுவாங்க, காங்கிரஸ்ங்கற வார்த்தையே வேற என்னமோ மாதிரி தெரியும். எனக்கு உதவினது ஒண்ணுதான்: புரியாத எழுத்த அங்கயே முறைக்காம, அதே கடிதத்துல நிச்சயமா தெரிஞ்ச ஒரு வார்த்தையில அந்த எழுத்து எப்படி இருக்குன்னு தேடறது.

நான் அடிமை ஒழிப்புப் போராட்ட காலத்து கடிதமா வரும்னு நெனச்சேன், எனக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் வேலை வாங்கிக் குடுங்க, பணம் குடுங்கன்னு கேட்டு அவருக்கு வந்தது. 1877-ல அவர் வாஷிங்டன்ல மார்ஷல் (கோர்ட் உத்தரவுகள நிறைவேத்தற அரசு அதிகாரி) பதவிக்கு வந்துட்டார்ல, சிபாரிசுக்கு க்யூ தான்! பழைய கடிதங்கள் கம்மியா இருக்கறதுக்கு காரணம் 1872 ஜூன்ல நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர்ல அவர் வீடு எரிஞ்சது. 1847 டிசம்பர்ல அந்த ஊர்லதான் நார்த் ஸ்டார் பத்திரிகைய ஆரம்பிச்சார், பத்திரமா வச்சிருந்த அதோட தொகுப்பும் தீயில போச்சு. மிச்சத்த அவர் மனைவி ஹெலன் கட்டிக் காப்பாத்தினதால 1972-ல லைப்ரரிக்கு வந்து சேந்துச்சு.

ராச்செஸ்டர் லோக்கல் ஹிஸ்டரி தேடறவங்க இதோட நிக்காம யூனிவர்சிட்டி ஆஃப் ராச்செஸ்டர்ல இருக்கற போஸ்ட் குடும்பத்து பேப்பர்ஸையும் பாருங்க. டக்ளஸ் தன்னோட ராச்செஸ்டர் தோழியும் அடிமை ஒழிப்புப் போராளியுமான ஏமி போஸ்ட்டுக்கு எழுதினது, நார்த் ஸ்டார்ல அவரோட வேல பாத்த வில்லியம் கூப்பர் நெல் எழுதினதெல்லாம் அங்க பொழச்சுக் கெடக்கு.