‘120 படுக்கை’ என்ற ஒரு வரிக்காக மூன்று முறை பஸ் ஏறிய கதை

எய்ம்ஸுக்கு நர்ஸ் எடுக்கும் நார்செட் தேர்வில் தேறியதைவிட, பழைய ஆஸ்பத்திரியில் ஒரு அனுபவச் சான்றிதழ் வாங்கியதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அந்த ஹெச்.ஆர். அறை வாசலில் இருந்த கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்துத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே எய்ம்ஸ் கனவு காண்கிறவர்கள், புத்தகத்தைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் 2015-ல் முடித்தேன். எங்கள் பேட்சுக்கு மூன்றரை வருடப் படிப்பு. நர்சிங் கவுன்சில் பதிவு ஒரு தொந்தரவும் இல்லாமல் முடிந்தது. முதல் வேலை முப்பது படுக்கை நர்சிங் ஹோமில், மாதம் 7,000 ரூபாய். அங்கே இரண்டு வருடம். 2017-ல் மாவட்டத் தலைநகரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு மாறினேன். முதல் வருடம் முழுக்க ‘ட்ரெய்னி’ என்று சொல்லி 9,500 கொடுத்தார்கள். ட்ரெய்னி என்றாலும் நைட் டியூட்டியில் இருபது நோயாளிக்கு நான் ஒருத்தி. 2022-ல் வெளியே வரும்போது 14,500.

இடையில் ஒரு ‘பதவி உயர்வு’ கூட வந்தது. வார்டு இன்சார்ஜ் ஆக்கினார்கள். சம்பளத்தில் 1,000 ரூபாய் ஏறியது. கையில் போதை மருந்து அலமாரிச் சாவி ஏறியது. ஒரு ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) கணக்கு உதைத்தாலும், சலவைக்குப் போன பெட்ஷீட் ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நான்தான். அதற்கு மேல் ஏற அங்கே படியே கிடையாது. நர்ஸ்களுக்கெல்லாம் தலைமையான மேட்ரன் ஒருவர்தான், அவர் ஓய்வு பெற்றால்தான் அடுத்தவர்.

அரசு வேலைக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். என் சீனியர்கள் பலர் 2015-ல் தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி ஒப்பந்த நர்ஸாகப் போனார்கள். தொடக்கத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். அது 14,000 ஆகி, 18,000 ஆவதற்குள் எத்தனை போராட்டம் என்று உங்களுக்கே தெரியும். அதைப் பார்த்துப் பயந்துதான் நான் தனியாரிலேயே இருந்துவிட்டேன்.

படுக்கை எண்ணிக்கை என்பது நம் தொழிலில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி ஒரு குழு அமைத்தார்கள் அல்லவா? தனியார் நர்ஸ் சம்பளத்தை அந்தக் குழு படுக்கைக் கணக்கில்தான் பிரித்துப் பரிந்துரைத்தது. 200-க்கு மேல் இருந்தால் மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். 100 முதல் 200 என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 என்றால் 25 சதவீதம். 50-க்குக் கீழே இருந்தாலும் குறைந்தது 20,000. கேரளாவில் 2018-ல் குறைந்தபட்சம் 20,000 என்று அரசே அறிவித்தது. நான் அப்போது 120 படுக்கை ஆஸ்பத்திரியில் 11,000 வாங்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கல்யாணம், குழந்தை. 2024-ல் நார்செட் எழுதலாம் என்று அறிவிப்பை வரி வரியாகப் படித்தேன். பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்களுக்கு அனுபவம் தேவையில்லை. ஜி.என்.எம். என்றால், படிப்பு முடித்த பிறகு குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். நர்சிங் ஹோமில் உழைத்த இரண்டு வருடம் அந்த வரியோடு கரைந்துபோனது. வேலை தேடும் தங்கைகளே, சம்பளம் 500 கூடுதல் என்று சின்ன இடத்துக்குப் போகாதீர்கள். படுக்கையை எண்ணிவிட்டுச் சேருங்கள்.

சரி, இரண்டாவது ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று கிளம்பினேன். ஒன்றரை மணி நேர பஸ். ஹெச்.ஆர். சார் தலை நிமிராமல், “ரிலீவிங் லெட்டர் கொடுத்தாச்சேம்மா” என்றார். அனுபவச் சான்றிதழ் வேறு என்று விளக்கி, ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துக் கூரியரில் ஒரு தாள் வந்தது. நான் அங்கே பணிபுரிந்தேனாம், என் நடத்தை நன்றாக இருந்ததாம், என் எதிர்காலம் சிறக்க வாழ்த்தாம். பதவி இல்லை, தேதி இல்லை, வெறும் ‘2018 முதல் 2022 வரை’. சீல் பாதிதான் விழுந்திருந்தது. என் பெயரிலும் ஒரு எழுத்துப் பிழை.

இரண்டாவது முறை போனபோது குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனேன். தேதியும் பதவியும் போட ஒப்புக்கொண்டவர், படுக்கை எண்ணிக்கை என்றதும் பேனாவை மூடிவிட்டார். “அதெல்லாம் எழுதித் தர்ற வழக்கம் இல்லை.” ஏன் சார் என்றால் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். மேலிடம் எப்போது வரும் என்றால் தெரியாது. அந்த எண்ணிக்கையை எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு யாராவது சம்பளக் கணக்கு கேட்பார்கள் என்ற பயமோ என்னவோ. அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

மூன்றாவது முறை நேராக ஹெச்.ஆரிடம் போகவில்லை. காலை ரவுண்ட்ஸ் முடியும் நேரம் பார்த்து எங்கள் மேட்ரனைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும், “வா” என்று ஒரே சொல். என்னை ஹெச்.ஆர். அறைக்குக் கூட்டிப் போகாமல் ரிசப்ஷனுக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்தே ஹெச்.ஆர். சாரை வெளியே கூப்பிட்டார். வாசல் போர்டில் தங்க எழுத்தில் ‘120 படுக்கை வசதி கொண்டது’ என்று இருக்கிறது. அதைக் காட்டி, “ஊருக்கே எழுதி மாட்டியிருக்கீங்க, இந்தப் பொண்ணுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா சார்?” என்றார். சுற்றி நோயாளிகளின் உறவினர்கள். ஹெச்.ஆர். சார் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். நாற்பது நிமிடத்தில் சான்றிதழ் கையில்.

நாற்பது நிமிடத்தில் முடிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்ன வாசகம் வேண்டும் என்று நானே டைப் செய்து பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். லெட்டர்ஹெட்டில் பிரிண்ட் எடுப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. பதவி ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று, சேர்ந்த நாளும் விட்ட நாளும் மாதம் வருடத்தோடு, முழுநேரப் பணி என்று, படுக்கை எத்தனை என்று, கையெழுத்து போட்டவரின் பெயரும் பதவியும் கீழே, முழு வட்டமாக சீல். ட்ரெய்னி வருடத்தை அவர்கள் கடைசி வரை சேர்க்கவில்லை. நானும் சண்டை போடவில்லை. 2018-லிருந்து எடுத்தாலே நாலு வருடம், தேவை இரண்டுதான். எதற்குச் சண்டை போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். கூடவே பி.எஃப். பாஸ்புக்கை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் எந்த ஆஸ்பத்திரி பணம் கட்டியது என்று அதில் அப்படியே இருக்கும். யாராவது பின்னால் மாற்றிப் பேசினால் அதுதான் சாட்சி.

இது முடிந்தது என்று மூச்சு விட்டால் சாதிச் சான்றிதழ். பள்ளிக்கூடத்தில் வாங்கிய நிரந்தர பி.சி. அட்டை இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதுவும் அறிவிப்பில் சொல்லியிருக்கும் தேதிகளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். எனக்கு இது அலங்காரம் இல்லை. பொதுப் பிரிவில் வயது வரம்பு 30. நான் அதைத் தாண்டியாகிவிட்டது. ஓ.பி.சி.க்குக் கிடைக்கும் 3 வருடத் தளர்வு இல்லையென்றால் விண்ணப்பமே போட முடியாது.

இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் போட்டேன். ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம், ‘கணவர் வருமானச் சான்று இணைக்கப்படவில்லை’. அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க், “கல்யாணம் ஆயிடுச்சுல்ல, அப்போ வீட்டுக்காரர் சம்பளம்தான்” என்று சட்டம் பேசினார். தப்பு. கிரீமிலேயர், அதாவது ஓ.பி.சி.யில் வசதியானவர்களை ஒதுக்கும் கணக்கு, பார்ப்பது பெற்றோரின் நிலையை வைத்து. கணவர் சம்பளத்தை வைத்து இல்லை. நான் விதியைப் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தேன். அவர் படிக்கவில்லை, பக்கத்து சீட்டில் இருந்த அம்மா வாங்கிப் படித்தார். “இது சரிதான் சார், அப்பா வருமானம் போதும்” என்றார். அப்பா இரண்டு ஏக்கர் விவசாயி. கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னால் சான்றிதழ் ஆன்லைனில் வந்தது. அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

தேர்வுக்கு 3,000 கட்டணம். இரண்டாம் கட்டமான மெயின்ஸ் வரை ஒரே மூச்சில் படித்தேன். ஓ.பி.சி.க்குத் தகுதி மதிப்பெண் 45 சதவீதம் என்பதை நம்பி உட்காராதீர்கள், அது உள்ளே நுழைய மட்டும்தான். இடம் கிடைப்பது ரேங்கில். தப்பான பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். நான் எழுதியபோது ஆண்களுக்கு 20 சதவீத இடம்தான் என்பதால் தம்பிகள் இன்னும் அதிகமாகப் படிக்க வேண்டியிருந்தது.

நடுவில் சவூதிக்குப் போயிருக்கலாமே என்று அண்ணி கேட்டார். போகலாம். ஏஜென்ட் கட்டணம் 30,000-மும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு மேல் கேட்டால் அது சட்டப்படி இல்லை. ஆனால் அங்கேயும் டேட்டாஃப்ளோ என்று சான்றிதழ் சரிபார்ப்பு ஒன்று உண்டு. உங்கள் பழைய ஆஸ்பத்திரிக்கே கேள்வி போகும். அதே ஹெச்.ஆர். சார்தான் பதில் போட வேண்டும்!

இப்போது வேலையில் சேர்ந்தாயிற்று. நர்சிங் ஆபீசர், லெவல் 7, அடிப்படைச் சம்பளம் 44,900. மேலே அகவிலைப்படி, வீட்டு வாடகைப் படி, நர்சிங் அலவன்ஸ். சீனியர் நர்சிங் ஆபீசர், ஏ.என்.எஸ். (உதவி நர்சிங் கண்காணிப்பாளர்), டி.என்.எஸ். (துணை நர்சிங் கண்காணிப்பாளர்) என்று மேலே படிகள் எழுத்தில் இருக்கின்றன. எப்போது ஏறுவேன் என்பது வேறு விஷயம். முதல் சம்பள மெசேஜ் வந்த அன்று இரண்டு முறை போனை அணைத்துத் திறந்து பார்த்தேன்.

போன வாரம் மேட்ரன் போன் செய்தார். என் அனுபவச் சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லிப் பழைய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வந்திருக்கிறதாம். “நானே பக்கத்துல நின்னு பதில் டைப் பண்ண வெச்சேன்” என்றார்.

“படுக்கை எத்தனைன்னு போட்டாங்களா சிஸ்டர்?” என்றுதான் முதலில் கேட்டேன்.

“போட்டாச்சுடி, போட்டாச்சு” என்று சிரித்தார்.