ஒரே கதையை ஐந்து நாள் காட்டிய நிகழ்ச்சி

1996 செப்டம்பரில் அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் ‘புளூஸ் க்ளூஸ்’ என்ற சிறுவர் நிகழ்ச்சி தொடங்கியபோது, திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே எபிசோடையே போட்டார்கள். பெரியவர்களுக்கு இரண்டாம் நாளே கொட்டாவி வந்துவிடும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் வேறு ரகம். முதல் நாள் கதை என்னவென்று பிடிபடவே நேரம் சரியாகிவிடும். அடுத்தடுத்த நாள்களில்தான் புதுச்சொற்கள் காதில் விழும், பதில் வாயில் வரும். உளவியலாளர் டேனியல் ஆண்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: திரும்பப் பார்க்கப் பார்க்கப் புரிதலும் கூடியது, திரையோடு பேசுவதும் கூடியது.

நிகழ்ச்சியின் கட்டமைப்பு எளிமையானது. புளூ என்ற நாய்க்குட்டி மூன்று பொருள்களில் தன் பாதத் தடத்தை விட்டுப்போகும். தொகுப்பாளர் ஸ்டீவ் அவற்றை நோட்டில் வரைவார், பெயர் சொல்வார், நாற்காலியில் உட்கார்ந்து மூன்றையும் சேர்த்து யோசிப்பார். ஆக, ஒரே சொல் பார்க்கும்போது, வரையும்போது, விடை தேடும்போது என்று வெவ்வேறு வேலையில் திரும்பி வருகிறது. ஒப்பிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் இதன் உயிர்நாடி கேள்விக்குப் பின் விடும் இடைவெளிதான். ஸ்டீவ் கேமராவை நேராகப் பார்த்துக் கேட்பார். பிறகு சும்மா நிற்பார். சின்னப் பிள்ளைக்கு யோசிக்க நேரம் வேண்டும், பெரிய பிள்ளை சலித்து எழுந்துவிடவும் கூடாது. அந்த அளவைப் பிடிக்க, ஒளிபரப்புக்கு முன்பே எபிசோடுகளைப் பிள்ளைகளிடம் காட்டிச் சோதித்தார்கள். இன்று யூடியூபில் ஓடும் பல பாட்டு வீடியோக்களில் மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லை. பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அடுத்த யானை வந்துவிடுகிறது!

எல்லா நிகழ்ச்சியும் ஒன்றல்ல. லைன்பார்கரும் வாக்கரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ‘புளூஸ் க்ளூஸ்’, ‘டோரா’ போன்றவற்றைப் பார்த்த குழந்தைகளுக்கு 30 மாத வயதில் சொல்வளம் கூடுதலாக இருந்தது. ‘டெலிடப்பீஸ்’ பார்த்தவர்களுக்குக் குறைவு. இது தொடர்புதான், காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் பொம்மைகள் மழலையில் குழறும் நிகழ்ச்சியிலிருந்து என்ன வாக்கியத்தைப் பிள்ளை எடுத்துக்கொள்ளும்?

வயதும் முக்கியம். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 25 நிமிட அமர்வுகள் பன்னிரண்டில், சீனர்கள் பேசும் மாண்டரின் மொழியைக் கேட்கவைத்தார் ஆய்வாளர் பட்ரீசியா கூல் (2003). ஆள் நேரில் பேசியபோது அம்மொழியின் ஒலிகள் பிடிபட்டன. அதையே வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. ஆக, கைக்குழந்தைக்கு டிவியை நம்பிப் பயனில்லை, ஆள்தான் பேச வேண்டும். இரண்டு முதல் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரம் போதும் என்று 2016இல் சொன்னது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்.

வீட்டில் செய்ய வேண்டியது: ஒரே எபிசோடை அந்த வாரம் முழுக்க வையுங்கள். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். முதல்முறை குறுக்கே பேசாதீர்கள், கதை புரியட்டும். இரண்டாம் முறையிலிருந்து இரண்டு மூன்று இடங்களில் நிறுத்திக் கேளுங்கள். “இது பூனையா?” என்றால் தலையாட்டலோடு முடிந்துவிடும். “பாப்பா ஏன் அழுவுது?” என்று கேட்டால்தான் பேச்சு வரும். “பால்” என்று மட்டும் சொன்னால் திருத்த வேண்டாம், நீட்டிக்கொடுங்கள்: “ஆமா, பால் கொட்டிடுச்சு, அதான் அழுவுது.” கேட்டதும் நீங்களே பதில் சொல்லிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நிகழ்ச்சி ஆங்கிலத்தில் ஓடினாலும் கேள்வியை வீட்டுப் பேச்சிலேயே கேளுங்கள். பத்து நிறுத்தம் போட்டால் பிள்ளை ரிமோட்டைப் பிடுங்கும், அதுவும் நியாயம்தான்.

வினைச்சொற்களுக்கு இது மட்டும் போதாது. மூன்று வயதுக்குள் இருப்பவர்கள் வீடியோவை மட்டும் பார்த்து வினைச்சொல் கற்பது கடினம் என்று 2009இல் ரோஸ்பெரி குழு காட்டியது. திரையில் ‘கிளறு’ வந்தால், அன்றைக்கு உப்புமா கிளறும்போது கரண்டியைப் பிள்ளையின் கையிலும் கொஞ்ச நேரம் கொடுங்கள், அடுப்பை அணைத்த பிறகு.