ரூகர் 10/22-ஆ, மார்லின் 60-ஆ: ஒரு பேண்டில் சிக்கிய ஒப்பீடு

50 கெஜத்தில் என் ரூகர் 10/22 ரைஃபிளின் குரூப் (துளைகள் சேர்ந்து விழும் பரப்பு) மேலும் கீழுமாக நீண்டுகொண்டே போன தொல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. பழி முதலில் தோட்டா மேல் விழுந்தது, பிறகு ஸ்கோப் மேல். கடைசியில் பிடிபட்டது அதன் குழலையும் ஸ்டாக்கையும் (மரக்கட்டை) சேர்த்துக் கவ்வும் பேண்டு. அதைக் கழற்றி மேசையில் வைத்த பிறகுதான் அதையும் மார்லின் 60-ஐயும், அதாவது இரண்டு .22 செமி-ஆட்டோ (அடுத்த தோட்டா தானே ஏறும்) ரைஃபிளையும், நேர்மையாக ஒப்பிட முடிந்தது.

தேவை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நடக்கும் ஆப்பிள்சீட் துப்பாக்கிப் பயிற்சியின் 25 மீட்டர் தேர்வு, அதில் 250-க்கு 210 எடுக்க வேண்டும். அது போக வார இறுதியில் 50 கெஜத்துக் காகிதம். பட்ஜெட்டில் நின்றவை இரண்டு: 1964 முதல் வரும் 10/22, 1960 முதல் வந்த மார்லின் 60. இரண்டாவதைப் பழைய துப்பாக்கிச் சந்தையில்தான் தேட வேண்டும். மார்லின் பெயர் 2020-இல் ரூகர் கைக்கே போய்விட்டது என்பது வேடிக்கை.

மார்லினில் உள்ளே 16 சுழல் பள்ளம் கொண்ட மைக்ரோ-குரூவ் குழல். வாங்கியபடியே வைத்து, சிசிஐ ஸ்டாண்டர்டு தோட்டா (குண்டு எடை 40 கிரெயின், வேகம் 1070 அடி/வினாடி) போட்டு ஐந்து தோட்டா வீதம் ஐந்து குரூப்: சராசரி 0.8 அங்குலம். ஒரு திருகையும் தொடவில்லை. 10/22 அதே தோட்டாவில் அகலம் 0.7, உயரம் 1.6. இங்கேதான் முடிச்சு.

உயரம் மட்டும் நீண்டால் எல்லோரும் வேக வித்தியாசத்தைக் காட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1070-இல் கிளம்பும் குண்டு 50 கெஜம் போக சுமார் 0.145 வினாடி எடுக்கும், அதற்குள் நாலு அங்குலம் போல விழும். 50 அடி/வினாடி வேகமாகப் போனால் விழுவது மூன்றில் ஒரு பங்கு அங்குலம்தான் குறையும். மலிவுத் தோட்டாவில்கூட 1.6-ஐ இதை வைத்து மட்டும் விளக்க முடியாது. ஆக, குழலை எதுவோ தள்ளுகிறது.

10/22-இல் குழல் மரையில் ஏறுவதில்லை. ரிசீவர் (துப்பாக்கியின் நடு உடல்) துளையில் நழுவி உட்காரும், கீழே வி-பிளாக் என்ற கவ்வுத் துண்டு இரண்டு திருகால் அதைப் பின்னுக்கும் கொஞ்சம் கீழுக்கும் இழுக்கும். ரிசீவரை ஸ்டாக்கோடு பிடிப்பதும் முன்பக்கம் ஒரே ஒரு திருகு. இந்த லட்சணத்தில் முனையில் பேண்டு வேறு இறுகினால், மர ஸ்டாக் ஈரத்தில் உப்பும்போதும் கையில் மாட்டி இறுக்கும் வார் (லூப் ஸ்லிங்) ஸ்டாக்கின் முன்கட்டையை இழுக்கும்போதும் குழலும் கூடவே வளையும். பெஞ்சில் ஊன்றிச் சுடும்போது தெரியாது. படுத்துச் சுடும்போது தெரியும்.

செய்த வரிசை: மேகசினை (தோட்டாப் பெட்டி) எடுத்து, தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, பேண்டு திருகைத் தளர்த்தி முன்னால் உருவினேன். டாலர் தாளைக் குழலுக்கு அடியில் நுழைத்துப் பின்னுக்கு இழுத்தால் ரிசீவர் வரை தடையில்லாமல் போக வேண்டும். இதில் முனையிலிருந்து ரெண்டு அங்குலம் தாண்டியதும் நின்றது. பெரிய சாக்கெட் ஒன்றில் 120 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, பத்து பத்து இழுப்பாகத் தேய்த்துத் தாளை நுழைத்துப் பார்த்தேன். பொறுமை வேண்டும், அதிகம் தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. வெறும் மரம் தெரிந்த இடத்தில் எண்ணெய் பூசி ஒரு ராத்திரி காயவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் ஏறி பழைய கதைதான்.

பிறகு ஸ்டாக் திருகு. முன்பு கைக்கு வந்தபடி முறுக்கியது என் தப்பு. முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்குரூடிரைவரில் 10, 15, 20, 25 அங்குல-பவுண்டு வைத்து ஒவ்வொன்றிலும் ரெண்டு குரூப். 10-இல் குரூப் விழும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. 15-இல் 0.9. 20-லும் கிட்டத்தட்ட அதே. 25-இல் 1.3-க்குத் தாவியது. 15-இல் நிறுத்தி, திருகுத் தலைக்கும் ஸ்டாக்குக்கும் குறுக்கே பெயிண்ட் மார்க்கரால் கோடு போட்டுவிட்டேன். கோடு விலகினால் திருகு தளர்ந்தது என்று அர்த்தம். வி-பிளாக்குக்கு 5/32 ஆலன் கீ. ரெண்டு திருகையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ரிசீவர் அலுமினியம், மரை போனால் போனதுதான்.

0.9-க்கும் 0.8-க்கும் சண்டை போட மாட்டேன். அப்படியானால் எது? என் ஓட்டு 10/22-க்கு, காரணம் கழற்றி மாட்டும் மேகசின். தேர்வில் ரெண்டு தோட்டாவோடு தொடங்கி நடுவில் மேகசின் மாற்றி எட்டு சுடும் கட்டங்கள் உண்டு, அவற்றுக்கு நேரக் கெடு 55-ம் 65-ம் வினாடி. மார்லினில் குழலுக்கடியில் இருக்கும் டியூபை உருவி ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தால் அங்கே கதை முடிந்தது. அவசரமில்லாமல் காகிதம் சுட மட்டும் என்றால் மார்லின் போதும், காசும் மிச்சம்.

மார்லினை வாங்குவோர் பின்பக்க பிளாஸ்டிக் பஃபரை (போல்ட்டின் மோதலைத் தாங்கும் துண்டு) முதலில் பாருங்கள். வயசானால் பழுப்பேறி நொறுங்கும், துண்டு ட்ரிகருக்குள் விழும். காலி அறையில் ட்ரிகர் அழுத்தாதீர்கள். திரும்பப் பூட்டும்போது மெல்லிய ரீகாயில் ஸ்பிரிங் மடங்கிக்கொள்ளும். கம்பியோடு சேர்த்து நேராகத் தள்ளி, போல்ட் கைப்பிடியைக் கடைசியில் செருகினால் தப்பிக்கலாம். இ-கிளிப் (சின்னப் பூட்டு வளையம்) ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள், தெறித்தால் கிடைக்காது.

உதிரிக்கு ஒரு கடையில் ஆர்டர் போட்டு வேறு மாடலின் பஃபர் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன் படத்தோடு ஒப்பிட்டால் திருப்பி அனுப்புவது சுலபம்.

அடுத்து 10/22-இன் ட்ரிகர். ஃபேக்டரியில் ஆறு பவுண்டு போல இருக்கும் அழுத்தத்தை ரூகரின் பிஎக்ஸ் ட்ரிகர் மூன்றுக்குக் கீழே கொண்டுவரும், ரெண்டு பின்னைத் தள்ளினால் மாட்டிவிடலாம். கூடவே போல்ட் பின்னுக்கு வந்து மோதும் இரும்புப் பின்னுக்குப் பதில் பாலியூரித்தேன் பின், அந்த டங் சத்தத்தைக் குறைக்க மட்டும். அதற்குள் முன்கட்டையில் இன்னொரு பூச்சு எண்ணெய் பாக்கி இருக்கிறது, இப்போதுதான் முதல் பூச்சு காய்கிறது.