டிடி 214ல ஏறாத மெடல்கள்

அமெரிக்கால ராணுவத்தை விட்டு வெளிய வர்றவங்க கைல ஒரு தாள் கொடுத்து அனுப்புவாங்க, டிடி 214னு பேரு. எப்ப சேந்தாரு, என்ன வேலை பாத்தாரு, என்ன ட்ரெய்னிங் முடிச்சாரு, என்ன மெடல் வாங்கினாரு, எல்லாம் அதுல தான். ஆஸ்பத்திரி சலுகை, வீட்டுக் கடன், அரசாங்க வேலைல கூடுதல் மார்க், கடைசில கல்லறைக் கல்லுல என்ன செதுக்கலாம்ங்கறது வரைக்கும் அந்தத் தாளைத் தான் கேப்பாங்க. நம்மூர்ல பத்தாவது மார்க்‌ஷீட்ல பிறந்த தேதி தப்பா விழுந்துட்டா ரிட்டயர் ஆகற வரைக்கும் அந்தத் தப்பு கூடவே வரும்ல, கிட்டத்தட்ட அதே கதை தான்.

எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா வியட்நாம் போயிட்டு வந்தவர், பேரெல்லாம் இங்க வேண்டாம். அவரோட பொண்ணு அந்தத் தாளை எடுத்துட்டு வந்து, நீ தான் ஆபீஸ்ல தினமும் க்ளெய்ம் பேப்பரோட மல்லுக்கட்டறியே இதையும் கொஞ்சம் பாரேன்னு கேட்டா. 1968 கடைசில போயி ஒரு வருஷம் காட்டுல இருந்த காலாட்படை சார்ஜென்ட், ஆனா தாள்ல மூணே மூணு மெடல் தான், அந்தக் காலத்துல வியட்நாம் போன கிட்டத்தட்ட எல்லாருக்கும் கிடைச்ச அதே மூணு. ட்ரெய்னிங் கட்டம் சுத்தமா காலி. (அப்ப இருந்த ஃபார்ம்ல மெடல் 24வது கட்டம், படிப்பு ட்ரெய்னிங் 25வது கட்டம். இப்ப வர்ற ஃபார்ம்ல அது 13ம் 14ம் ஆயிடுச்சு, நெட்ல படிச்சுட்டு கட்டத்தைத் தேடி நொந்து போகாதீங்க.)

ஏன் இப்படி விட்டுப்போகுதுன்னா, முதல் காரணம் அவசரம். வியட்நாம்ல இருந்து ப்ளேன்ல வந்து இறங்கின பையனை ஒரே நாள்ல குளிக்க வெச்சு, புது யூனிஃபார்ம் கொடுத்து, வயிறு நிறைய ஸ்டேக் போட்டு, சம்பளக் கணக்கை முடிச்சு, டைப் அடிச்ச தாளை நீட்டி கையெழுத்து போடுன்னா அவன் கட்டம் கட்டமாவா படிச்சுப் பாப்பான், வீட்டுக்கு ஓடணும்னு தானே நிப்பான். தாத்தாவும் அப்படித் தான் போட்டாராம்.

ரெண்டாவது காரணம் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. சில விருதுகள் ஆள் வீட்டுக்கு வந்து சேந்த பிறகு தான் பொறந்தே இருக்கு! தெற்கு வியட்நாம் அரசாங்கம் கொடுத்த கேலன்ட்ரி க்ராஸ் யூனிட் சைட்டேஷனை (ஒரு யூனிட்டுக்கே மொத்தமா கொடுக்கற வீரப் பாராட்டு) அங்க இருந்த ராணுவ யூனிட் எல்லாத்துக்கும்னு அமெரிக்க ராணுவம் ஆர்டர் போட்டது 1974ல. அதே மாதிரி கொரியால காவலுக்கு இருந்தவங்களுக்கான மெடலை 2002ல தான் உருவாக்கினாங்க, ஆனா 1954 ஜூலைல இருந்து இருந்தவங்களுக்கும் அது உண்டு. அப்ப 1970ல வெளிய வந்த ஒருத்தர் தாள்ல 1974 விருது எப்படி இருக்கும், டைப் அடிச்சவன் மேல தப்பே இல்ல. கொடுக்கறதை முன்தேதி போட்டு கொடுத்துட்டு, உங்களுக்கு இது இருக்கு வாங்கிக்கோங்கன்னு ஒரு கடுதாசி கூட போடாம, வயசானவங்க தாங்களா தெரிஞ்சுகிட்டு வந்து கேக்கணும்னு விட்டுட்டாங்க பாருங்க, அது தான் எனக்கு கடுப்பு.

மூணாவது காரணம் தீ. 1973 ஜூலை 12, மிசூரில செயின்ட் லூயிஸ் பக்கத்துல ராணுவ ஃபைல் எல்லாம் வெச்சிருந்த கட்டிடத்துல ஆறாவது மாடில தீ பிடிச்சு 1.6 கோடில இருந்து 1.8 கோடி ஃபைல் வரைக்கும் போயிடுச்சு. நகலும் கிடையாது, மைக்ரோஃபிலிமும் கிடையாது, என்னென்ன இருந்துச்சுன்னு ஒரு இண்டெக்ஸ் கூட கிடையாது. 1912ல இருந்து 1960 தொடக்கம் வரைக்கும் தரைப்படைய விட்டு வெளிய வந்தவங்க ஃபைல்ல 80 சதவீதம் காலி. விமானப்படைல 1947ல இருந்து 1964 தொடக்கம் வரைக்கும், அதுவும் அகரவரிசைல ஹப்பர்ட்ங்கற பேருக்கு அப்புறம் வர்றவங்க ஃபைல் தான் போச்சு, அதுல 75 சதவீதம். பேர் எந்த எழுத்துல ஆரம்பிக்குதுங்கறதுல தலையெழுத்து! தண்ணில நனைஞ்சதை விமானம் செஞ்ச மெக்டோனல் டக்ளஸ் கம்பெனியோட ராட்சச வேக்குவம் சேம்பர்ல வெச்சு உலர்த்தினாங்க. எரிஞ்சதுக்கு பதிலா பழைய சம்பள வவுச்சர், ஆஸ்பத்திரி அட்மிஷன் பதிவுன்னு கிடைச்சதை வெச்சு இன்னைக்கும் ஒட்டுப்போட்டு ஃபைல் கட்டிக் கொடுக்கறாங்க.

தாத்தா 70ல வெளிய வந்ததால தீக்கு தப்பிச்சாரு. இங்க ஒரு விஷயம் சொல்லணும், எல்லாரும் டிடி 214 காப்பி மட்டும் கேட்டு வாங்கிட்டு நிறுத்திடறாங்க, அதுல தான் தப்பே இருக்குன்னு தெரிஞ்சப்புறம் அதையே திரும்ப வாங்கி என்ன பண்றது? எஸ்எஃப் 180 ஃபார்ம்லயோ நேஷனல் ஆர்கைவ்ஸ் சைட்லயோ முழு ஃபைல் வேணும்னு எழுதணும். அந்த முழு ஃபைல்ல தான் டிஏ 20னு ஒரு அட்டை வந்துச்சு, ஒரு சிப்பாய் எங்கெல்லாம் போனான்னு வரிசையா எழுதின அட்டை. 38வது கட்டம் போஸ்டிங், 40 காயம், 41 விருது. 38ல ஜார்ஜியா ஃபோர்ட் பென்னிங்ல அவர் முடிச்ச என்சிஓ கோர்ஸ் தேதியோட இருக்கு. ரெண்டு மூணு வருஷம் சர்வீஸ் போட்டு வாங்க வேண்டிய சார்ஜென்ட் பட்டையை சில மாசத்துல கொடுத்த கோர்ஸ் அது, மத்தவங்க ஷேக் அண்ட் பேக்னு, அதாவது குலுக்கி அடுப்புல வெச்சா ரெடிங்கற இன்ஸ்டன்ட் சமையல் மாதிரின்னு, கிண்டல் பண்ணுவாங்களாம். சர்டிஃபிகேட் கூட அவர் வீட்டு பரண்ல ஷூ டப்பால கிடந்துச்சு. தாள்ல மட்டும் தான் இல்ல.

ஃபைல் வந்தப்புறம் பொண்ணு மூணு பக்கத்துக்கு அப்பா பட்ட கஷ்டத்தை உருக்கமா எழுதி வெச்சிருந்தா. நான் அதை அப்படியே ஓரமா வைக்கச் சொன்னேன், மூஞ்சி சுருங்கிடுச்சு பாவம். மனுவைப் படிக்கற ராணுவ ஆபீஸ்காரருக்கு கண்ணீர் வரலாம், ஆனா கட்டத்துல எழுதறதுக்கு அவருக்கு ஆர்டர் நம்பர் வேணும். ஆபீஸ்ல இருக்கற பேப்பர் சரியாத் தான் இருக்கும்னு வெச்சுகிட்டு தான் அவங்க ஆரம்பிப்பாங்க, தப்புன்னு காட்டறது நம்ம வேலை. அதனால ஒரு பக்கத்துக்குள்ள, இன்ன விருது, இன்ன ஆர்டர், ஃபைல்ல இன்ன பக்கம், அவ்ளோ தான். நேரடிச் சண்டைல இருந்த காலாட்படைக்காரருக்கான பேட்ஜ் சிஐபிக்கு ஆர்டரோட காப்பி ஃபைலுக்குள்ளயே இருந்துச்சு, 1974 ஆர்டர் எல்லாருக்கும் பொது, வியட்நாம் சர்வீஸ் மெடல்ல ஒவ்வொரு கேம்பெய்னுக்கும் (போரை தேதி வாரியா பிரிச்ச காலகட்டம்) ஒரு வெண்கல நட்சத்திரம் உண்டு, மொத்தம் 17 கேம்பெய்ன்ல அவர் இருந்த தேதிக்குள்ள எது எது விழுதுன்னு கணக்கு போட்டா போதும். இதெல்லாம் யாரும் சிபாரிசு பண்ண வேண்டாம், தகுதி இருந்தாலே கிடைக்கும். இப்படிப்பட்டதுக்கு ரெக்கார்ட்ஸ் திருத்தற போர்டு வரைக்கும் போகத் தேவையில்ல, திருத்தம் டிடி 215னு தனித் தாளா வரும், பழைய தாளோட சேத்து வெச்சுக்கணும். அவருக்கும் அப்படியே வந்துச்சு, கோர்ஸும் ஏறிடுச்சு.

சில்வர் ஸ்டார் மாதிரி வீரத்துக்கான விருது வேற ரகம், அதுக்கு அந்தக் காலத்துலயே ஒரு அதிகாரி சிபாரிசு எழுதியிருக்கணும், இல்லேன்னா இப்ப காங்கிரஸ் மெம்பர் வழியா புதுசா போகணும். ஆபீஸ்ல திருத்த முடியாதது எல்லாம் டிடி 149 ஃபார்ம்ல ரெக்கார்ட்ஸ் திருத்தற போர்டுக்கு. தப்பு தெரிஞ்ச மூணு வருஷத்துக்குள்ள போடணும்னு சட்டம், ஆனா நியாயம்னு பட்டா போர்டு அதைத் தளர்த்தலாம், அதனால தேதி தாண்டிடுச்சேன்னு விட்டுடாதீங்க. பழைய தீர்ப்பெல்லாம் பேரை மறைச்சு நெட்லயே போட்டிருக்காங்க, நம்ம கேஸ் மாதிரி நாலு படிச்சா எதை அனுப்பினா வேலைக்கு ஆகும்னு பிடிபட்டுடும்.

எவ்ளோ நாள் இழுக்கும்னு கேட்டா கென்டக்கி கார்லின் கானர் கேஸைச் சொல்லலாம். 1945 ஜனவரில ஃப்ரான்ஸ்ல டெலிஃபோன் ஒயரை இழுத்துட்டு தன் படைக்கு முன்னாடி ஓடிப்போய், எதிரி சுத்தி வந்தப்ப தன் மேலயே பீரங்கி அடிக்கச் சொன்ன மனுஷன், ஊருக்கு வந்து புகையிலை விவசாயம் பாத்துட்டு 1998ல போய்ச் சேந்தாரு. அவருக்கு அமெரிக்காவோட உச்சபட்ச வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் கேட்டு 90கள்ல மனு போனது தள்ளுபடி, நேர்ல பாத்தவங்க வாக்குமூலத்தோட மனைவி பாலீன் திரும்பப் போராடினா 2014ல கோர்ட்டும் நேரம் தாண்டிடுச்சுன்னு சொல்லிடுச்சு. அப்புறம் சமரசம் பேசி, போர்டு ஒத்துகிட்டு, 2018 ஜூன்ல அந்தம்மா கைல மெடல் வந்துச்சு.

தாத்தாவுக்கு பாக்கி இருக்கறது பர்பிள் ஹார்ட், சண்டைல காயம் பட்டவங்களுக்கான மெடல். தோள்ல இன்னும் சின்னச் சின்ன இரும்புத் துண்டு இருக்கு, எக்ஸ்ரேல தெரியுது. ஆனா எதிரியால பட்ட காயம், மருத்துவ ஆள் பாத்தது, பாத்ததுக்கு பதிவு, மூணும் வேணும். அவரோட அட்டைல 40வது கட்டம் காலி, ஆர்டர் எதுவும் ஃபைல்ல இல்ல, ஏன்னா கூடவே வர்ற முதலுதவிக்காரன், மெடிக்னு பேரு, அங்கயே மண்ணுல உக்கார வெச்சு கட்டுப்போட்டு விட்டுட்டான், ஆஸ்பத்திரிக்கே போகல. சும்மா கேக்கறதுல அர்த்தமில்ல, பக்கத்துல இருந்தவங்க வாக்குமூலம் வேணும், அதுவும் அந்த மெடிக்கே எழுதிக் கொடுத்தா தான் கேஸ் நிக்கும். யாருன்னு கேட்டா, "டாக்" அப்படிங்கறாரு. எல்லா மெடிக்கையும் எல்லாரும் டாக்னு தான் கூப்பிட்டிருக்காங்க, நிஜப் பேர் யாருக்கும் தெரியல. இப்ப பொண்ணு தாத்தா இருந்த கம்பெனியோட (ராணுவத்துல சின்னப் படைப்பிரிவுக்கு அது பேரு) தினசரி ரிப்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கா, அந்த மாசம் வந்தவங்க போனவங்க பேர் அதுல இருக்கும். மெடிக் வேலைக் கோட் போட்ட பேரா பாத்து ஒவ்வொண்ணா தேடணும்.